மூன்று டிகிரி ஆப்பு

சகலையின் வண்டி நான்கு அங்குலம் உயர்ந்த நாளிலிருந்து கமான்காரருக்குத் தூக்கம் குறைந்துபோனது. வண்டி அவருடையது இல்லை. உயர்த்தியதும் அவர் இல்லை. அது உயர்ந்ததால் அவருக்குக் காலணா நஷ்டமும் இல்லை. ஆனாலும் கண்ணை மூடினால் அந்த வண்டிதான் வந்து நின்றது, அதுவும் பக்கவாட்டில், முழு உயரமும் தெரியும்படி.

லாரியோ வேனோ எது வந்தாலும் அதன் அடியில் பாரம் தாங்கும் கமான் பட்டைகளைக் கழற்றி, ஒடிந்ததை மாற்றி, தொய்ந்ததை வளைத்துக் கட்டித் தருவது அவர் தொழில். இருபத்திரண்டு வருஷமாக அதே தகரக் கொட்டகை, அதே குழி, அதே சங்கிலிக் கப்பி. கூட வேலை பார்ப்பது மனைவி. துளை போடுவது, சாணை பிடிப்பது, அளவு குறிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. அவள் சாணையில் பிடித்த இரும்பில் ஒரு நூல் பிசகு சொல்ல முடியாது. கமான்காரருக்கு அதில் பெருமைதான், ஆனால் வாய்விட்டுச் சொன்னதில்லை.

சகலை, அவளுடைய தங்கையைக் கட்டியவன். ஆள் பார்க்க நன்றாக இருப்பான். பேச ஆரம்பித்தால் சுற்றியிருப்பவர்கள் வேலையை விட்டுவிட்டுக் கேட்பார்கள். இதெல்லாம்கூடப் போகட்டும். கெட்டவனாக இருந்து தொலைத்திருந்தால் கமான்காரர் நிம்மதியாக வெறுத்திருப்பார். அவன் நல்லவனாகவும் இருந்தான். பார்க்கும் இடத்திலெல்லாம் "அண்ணே, அண்ணே" என்று உருகினான். அதைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை.

விஷயம் ஒரு நாற்காலியில் ஆரம்பித்தது என்று சொல்லலாம். மாமனார் வீட்டுக் கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு பிரம்பு நாற்காலி உண்டு. கமான்காரர் அந்த வீட்டுக்கு முதல் ஆறு வருஷம் ஒரே மாப்பிள்ளை. அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே மாமனார் அந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். பிறகு சின்னவளுக்குக் கல்யாணமானது. புது மாப்பிள்ளை ஆயிற்றே என்று முதல் நாள் சகலையை அதில் உட்காரவைத்தார்கள். சரி, முதல் நாள்தானே என்று கமான்காரர் பெருந்தன்மையாக இருந்தார். அடுத்த வாரமும் அவன்தான் உட்கார்ந்தான். பத்து வருஷமாக உட்கார்ந்திருக்கிறான். கமான்காரருக்குச் சுவரோர பெஞ்சு. அங்கே காற்று வருவதுபோல இருக்கும், வராது.

இப்போது வண்டி வேறு. சகலை நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப் ஒன்றை வாங்கி, கல்லிலும் சேற்றிலும் ஏறுவதற்கு வசதியாக உயர்த்திக் கட்டினான். எங்கே கட்டினான்? புறவழிச் சாலையில் புதிதாகத் திறந்திருக்கும், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கடையில். கமான் வேலை என்றால் பக்கத்து ஊர்க்காரன் வழி கேட்டுக்கொண்டு இவர் கொட்டகைக்கு வருகிறான். சொந்தச் சகலை அதே கொட்டகை வாசலைத் தாண்டிப் போய் ஊரான் கடையில் வண்டியை விட்டிருக்கிறான்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டானா?" என்று அன்று மனைவியிடம் குதித்தார்.

அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "உங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு நெனச்சிருப்பாரு."

"தொந்தரவா? என் தொழிலே எனக்குத் தொந்தரவா?"

"அப்ப அவர்கிட்டயே கேளுங்க. என்கிட்ட ஏன் கத்துறீங்க?"

அவர் கேட்கவில்லை. கேட்டால் தனக்கு வலித்தது அவனுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பதில் வயிறு எரிந்துகொண்டு சும்மா இருந்தார். மாமியார் அக்கம்பக்கத்தாரைக் கூட்டி வந்து வண்டியைக் காட்டியபோது எரிந்தது. அவர் பெற்ற பெண்ணே, பதிமூன்று வயசு, "அப்பா, சித்தப்பா வண்டியில உக்காந்தா பஸ் டிரைவர் முகம் நேரா தெரியுது!" என்று வந்து சொன்னபோது இன்னும் கொஞ்சம் எரிந்தது. அவருடைய சொந்த வண்டியில் உட்கார்ந்தால் பஸ்ஸின் சக்கரம்தான் தெரியும்.

மூன்று வாரம் கழித்து ஒரு நல்ல செய்தி வந்தது. சகலையின் வண்டி உதறுகிறதாம். அறுபத்தைந்தைத் தாண்டினால் இருக்கைக்கு அடியில் உறுமுகிறதாம். கண்ணாடிக் கடைக்காரர்கள் சக்கரத்தைச் சரிபார்த்தார்கள், ஷாஃப்ட்டைக் கழற்றி எடை சமன் செய்தார்கள், அதன் முனைகளில் இருக்கும் கிராஸ் இணைப்பை இரண்டு முறை மாற்றினார்கள். உதறல் போகவில்லையாம். கமான்காரர் அடடா என்று வருத்தப்பட்டார். அன்று மதியம் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை காலை அந்த வண்டி அவர் கொட்டகை வாசலில் வந்து நின்றது.

"தொந்தரவுதான் அண்ணே. வேற வழியில்லாம வந்துட்டேன்" என்றான் சகலை, மேலேயிருந்து குதித்து இறங்கிக்கொண்டே.

"வேற வழி இருந்தா வந்திருக்க மாட்டீங்க."

சகலை அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சிரித்தான். அவனைக் குத்துவதும் கஷ்டம். ஊசி ஏறாது.

சிரித்து முடித்தவன் விஷயத்தைச் சொன்னான். மலை உச்சியில் இருக்கும் வானிலை நிலையத்துக்கு ஆட்களையும் கருவிகளையும் ஏற்றிச் செல்ல ஒரு வண்டி தேடுகிறார்கள். மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம். திங்கட்கிழமை காலை அதிகாரியே ஏறி உட்கார்ந்து மலைவரை ஒரு சுற்று வந்து பார்ப்பார். அந்தக் கருவிகள் அதிர்ச்சி தாங்காதவை. வண்டி உதறினால் பாதியிலேயே இறங்கிவிடுவார்.

"இதை நம்பித்தான் இருந்த வேலையை விட்டேன் அண்ணே. இது கெடைக்கலேன்னா வண்டியைக் குடுத்துட்டு மறுபடி யார்கிட்டயாவது டிரைவராப் போக வேண்டியதுதான். வீட்டுல இன்னும் சொல்லல."

கமான்காரர் வண்டியைக் குழிமேல் ஏற்றச் சொன்னார். விளக்கை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

குழிக்குள் போய்விட்டால் அவர் வேறு ஆள். அங்கே மாமியார் இல்லை, நாற்காலி இல்லை, தலைக்குமேல் இரும்பு மட்டும்தான். கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்ட் சரிவாக இறங்கியிருந்தது. வண்டியை உயர்த்தினால் சரியத்தான் செய்யும். அது போய்ச் சேரும் இடத்தில், பின் அச்சின் நடுவிலிருக்கும் குண்டுப் பெட்டியின் மூக்கு அண்ணாந்து ஷாஃப்ட்டைப் பார்த்தது. அவர் கோணமானியை மேல் முனையில் வைத்தார், கீழ் முனையில் வைத்தார். மேலே மடிப்பு ஆறு டிகிரி. கீழே மூன்று.

கண்ணாடிக் கடைக்காரன் செய்த தப்பு ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. அச்சுக்கும் கமானுக்கும் நடுவே அவன் வைத்த உயரக் கட்டை சாய்வானது. மூக்கு தூக்கினாற்போல நின்றால் பார்க்க அழகு என்று வைத்திருக்கிறான்.

"என்ன அண்ணே?" என்று சகலை மேலேயிருந்து தலையை நீட்டினான். பக்கத்தில் அவருடைய மகளின் தலை. அதற்குப் பக்கத்தில் மனைவியின் தலை.

தொழில் என்று வந்துவிட்டால் கமான்காரரால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. "ஷாஃப்ட்டுக்கு ரெண்டு முனையிலயும் கிராஸ் இருக்கா? மடிஞ்சு சுத்தும்போது அது சீரா சுத்தாது. ஒவ்வொரு சுத்துலயும் கொஞ்சம் ஓடும், கொஞ்சம் தயங்கும். மேல எவ்வளவு மடியுதோ அவ்வளவே கீழயும் மடிஞ்சா, மேல பண்ற கோளாறை கீழ அழிச்சிடும். உங்களுக்கு மேல ஆறு, கீழ மூணு. கணக்கு ஒத்துப்போகல."

"ஆனா மூக்கு அழகா நேராத்தானே பார்க்குது?"

"அழகா இருக்கறதுதான் தப்பு" என்றார் கமான்காரர், அவன் முகத்தைப் பார்த்து.

"இப்ப என்ன போடணும்?"

"ஆப்பு."

"எனக்கேவா அண்ணே?" என்றான் சகலை, நெஞ்சில் கை வைத்து.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவிகூடச் சிரித்துவிட்டாள். கமான்காரர் சொல்லியிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். அவர் தொழிலில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கும் வார்த்தை அது. ஒரு நாளும் அவருக்கு அதை வைத்து ஒரு நகைச்சுவை தோன்றியதில்லை. இவன் வந்தான், ஒரு நொடியில் எடுத்துக்கொண்டான், அதையும் நாற்காலி மாதிரி.

ஆப்பு என்பது சரிவாகத் தேய்த்த ஓர் இரும்புத் துண்டு. ஒரு முனை கனம், மறு முனை மெலிசு. இரண்டு பக்கக் கமானுக்கும் அடியில் பக்கத்துக்கு ஒன்றாக வைத்து இறுக்கினால் அச்சு அந்த அளவுக்குத் திரும்பும். இந்த வண்டிக்குக் கனத்த பக்கம் முன்னால் போனால் மூக்கு இறங்கும். பின்னால் போனால் மூக்கு இன்னும் ஏறும். எந்தப் பக்கம் வைத்தாலும் அது சரியாக உட்காரும், எந்தப் பக்கம் வைத்தாலும் இறுகும். இறுகிய பிறகு தொழில் தெரியாதவன் பார்த்தால் ஒன்றும் புரியாது.

"மூணு டிகிரி, ரெண்டு" என்று மனைவியிடம் சொன்னார். அவள் இரும்புப் பட்டையை வெட்டி, சாணையில் பிடித்து, நடுவில் துளை போட்டு, ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. ஆனால் ஒன்று புதிது. இரண்டின் ஓரத்திலும் கனத்த முனையைப் பார்த்தபடி ஓர் அம்புக்குறி, புள்ளி புள்ளியாகக் குத்தியிருந்தது.

"இது என்ன?"

"இந்தப் பக்கம் முன்னால போகணும்னு."

"எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷத்துல என்னைக்காவது குறி போட்டிருக்கியா?"

"இன்னைக்குப் போடணும்னு தோணுச்சு" என்று சொல்லிவிட்டு அவள் சாணையை நிறுத்தப் போனாள்.

கமான்காரர் குழிக்குள் இறங்கினார். அச்சை ஜாக்கியில் தாங்கினார், யூ போல்ட்டுகளைக் கழற்றினார், கமானைத் தூக்கினார். முதல் ஆப்பைக் கையில் எடுத்தார். மேலே சகலை ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தான். "அப்புறம் சித்தப்பா?" என்று மகள் கேட்கும் சத்தம் வந்தது. அவரிடம் அவள் "அப்புறம் அப்பா" என்று கேட்டு எத்தனை காலம் ஆயிற்று? அவரும் கதை சொல்வதில்லைதான். ஆனாலும் கேட்கலாம் இல்லையா?

திங்கட்கிழமை அதிகாரி ஏறி உட்காருவார். மூன்று வருஷ ஒப்பந்தம் கையெழுத்தாகும். மாமியார் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். அரசாங்க வண்டி ஓட்டும் மாப்பிள்ளை! அந்த நாற்காலியை இனி ஆயுசுக்கும் நினைத்துப் பார்க்க வேண்டாம். அவனுக்கு அதைச் சம்பாதித்துக் கொடுப்பது யார்? பெஞ்சில் உட்காரும் மூத்த மாப்பிள்ளை. அதுவும் தன் கையாலேயே.

அவர் ஆப்பைத் திருப்பினார்.

கை தவறவில்லை, கண் மறைக்கவில்லை. பார்த்துத்தான் திருப்பினார். கனத்த பக்கம் பின்னால். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. யூ போல்ட்டுகளை முறையாக, மாற்றி மாற்றி, முழு பலத்தோடு இறுக்கினார். தப்பைக்கூட அவரால் அரைகுறையாகச் செய்ய முடியவில்லை. அம்புக்குறி இருந்த ஓரத்தில் ஒரு கை மசகை அள்ளி அப்பினார். மூக்கு இப்போது ஷாஃப்ட்டுக்கு நேர் எதிரே, கோடு போட்டாற்போல நின்றது. முன்னைவிட அழகாக இருந்தது.

சோதனை ஓட்டத்துக்குச் சகலை ஓட்டினான், கமான்காரர் பக்கத்தில், மகள் பின்னால். பெரிய சாலையில் நேராகப் போகும் இடம் வந்தது. ஐம்பது. மகள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்தில் இருக்கைக்கு அடியில் ஆரம்பித்தது. முதலில் ஒரு முனகல், பிறகு உறுமல். அறுபதில் தண்ணீர்ப் புட்டி தன்பாட்டுக்கு நகர்ந்து கீழே விழுந்தது. கண்ணாடியில் பின்னால் வந்த லாரி இரண்டாகத் தெரிந்தது. மகள் பாட்டை நிறுத்திவிட்டாள்.

கமான்காரருக்கு வயிறு குளிர்ந்தது. பொய் சொல்வானேன், உண்மையாகவே குளிர்ந்தது. பத்து வருஷத்து எரிச்சலுக்கு அந்த உதறல் தைலம் தடவினாற்போல இருந்தது. அது எவ்வளவு நேரம்? வண்டி ஓரமாகப் போய் நிற்கும் வரைக்கும்தான்.

சகலை இயந்திரத்தை அணைத்தான். ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சாலையையே பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. அவனை அப்படி அவர் பார்த்ததேயில்லை. சிரிக்காதபோது அவனுக்கும் வயசு தெரிந்தது.

"கூடிடுச்சு இல்லண்ணே?"

"ம்."

"சரி, விடுங்க. உங்க கைக்கே அடங்கலேன்னா இனி எவன் கைக்கும் அடங்காது. நான்தான் வண்டி பார்த்து வாங்கத் தெரியாம வாங்கிட்டேன். நீங்க மனசுல வெச்சுக்காதீங்க." திரும்பிப் பார்த்துக் கமான்காரர் தோளைத் தட்டினான். "காலையில இருந்து என்னால உங்களுக்கு வேலை கெட்டுச்சு."

இவன் ஆறுதல் சொல்கிறான்! கமான்காரர் வாயைத் திறந்தார். ஏதாவது ஒன்று சொல்லியிருக்கலாம். இன்னொரு முறை பார்க்கலாம் என்றாவது சொல்லியிருக்கலாம். "வண்டியைத் திருப்புங்க" என்று மட்டும் சொன்னார்.

கொட்டகை வாசலில் மனைவி நின்றிருந்தாள். வண்டி வந்த சத்தத்திலேயே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது போல. வண்டி குழிமேல் ஏறியதும் விளக்கையும் ஒரு கந்தல் துணியையும் எடுத்துக்கொண்டு அவளே இறங்கினாள். கமான்காரர் பின்னாலேயே இறங்கினார். இறங்காமல் மேலேயே நின்றிருக்கலாம். கால் கேட்கவில்லை.

அவள் நேராக இடது பக்கக் கமானுக்குப் போனாள். ஓரத்தில் அப்பியிருந்த மசகைக் கட்டைவிரலால் வழித்தாள். துணியால் துடைத்தாள். விளக்கைக் கிட்டே கொண்டுபோனாள். புள்ளி புள்ளியாக அம்புக்குறி, வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வலது பக்கமும் போய்த் துடைத்தாள். அதுவும் அப்படியே.

"கை தவறிடுச்சு" என்றார் கமான்காரர், குரலைத் தாழ்த்தி.

"ரெண்டு பக்கமுமா?"

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். மசகு படிந்த அந்தக் கையை அவர் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

பிறகு அவள் குழிக்கு மேலே தலையை நிமிர்த்திச் சத்தமாகச் சொன்னாள். "தம்பி, தப்பு என்னோடது. ஆப்புல குறியை மாத்திக் குத்திட்டேன். அவர் என் குறியைப் பார்த்து அப்படியே போட்டுட்டாரு. ஒரு மணி நேரம் பொறுங்க, திருப்பிப் போட்டா சரியாயிடும்."

"அட, அவ்வளவுதானா!" என்று மேலே சகலை கத்தினான். "அக்கா, உசுரு வந்துச்சு எனக்கு!"

அந்த ஒரு மணி நேரமும் குழிக்குள் இருவருமாக வேலை பார்த்தார்கள். அவர் யூ போல்ட்டைக் கழற்ற, அவள் விளக்கைப் பிடித்தாள். அவர் கை நீட்ட, அவள் ஸ்பேனரைக் கொடுத்தாள். ஆப்பைத் திருப்பி வைத்தபோது விளக்கை அம்புக்குறியின் மேல் பிடித்தாள், அது முன்னால் பார்க்கும் வரைக்கும் எடுக்கவில்லை. அவள் திட்டியிருந்தால் அவர் திருப்பிக் கத்தி ஒருவழியாகத் தப்பித்திருப்பார்.

மேலே ஆறு, கீழே ஆறு. மறுபடியும் அதே சாலை. ஐம்பத்தைந்து, அறுபத்தைந்து, எழுபத்தைந்து. தண்ணீர்ப் புட்டி இருந்த இடத்தில் இருந்தது. தொண்ணூறில் சகலை ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கமான்காரரின் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் மாமனார் வீட்டில் கூடினார்கள். திங்கட்கிழமை வேலைக்கு முன்னால் வண்டியைப் பெரியவர்களுக்கு ஓட்டிக் காட்ட வேண்டும் என்று சகலையின் ஏற்பாடு. மாமனாரை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போய் வந்தான். மாமனார் இறங்கி, "தொட்டில் மாதிரி போகுது" என்றார். அவர் ஒன்றைப் பாராட்டி நாலு வருஷம் இருக்கும்.

கமான்காரர் வழக்கம்போலப் பெஞ்சைப் பார்த்து நடந்தார். சகலை குறுக்கே வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மின்விசிறிக்குக் கீழே, பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்தான்.

"இனிமே இது அண்ணனோட எடம். கண்ணாடிக் கடையில மூணு வாரம் தண்ணி குடிச்சானுங்க. அண்ணன் குழிக்குள்ள இறங்கி அஞ்சு நிமிஷத்துல சொல்லிட்டாரு!"

"பின்னே? எங்க மூத்த மாப்பிள்ளை கைன்னா சும்மாவா?" என்றார் மாமியார். "நடுவுல இவதான் ஏதோ குறியை மாத்திக் குத்திட்டாளாமே. ஏன்டி, உனக்கு எதுக்கு இந்த வேலை? தெரிஞ்சவங்க கையில விடறதுதானே?"

சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவி புன்னகைத்தாள். அவளுடைய தங்கையும் சேர்ந்துகொண்டு, "அக்காவுக்கு இடது வலது எப்பவுமே தகராறு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு நூல் பிசகாத கை. கமான்காரருக்கு நாற்காலியின் பிரம்பு குத்தியது.

சகலை அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டான். "ஒரே ஒரு வருத்தம்தான் அண்ணே. முதல்லயே உங்ககிட்ட வந்திருக்கணும். வண்டியை வாங்கின அன்னைக்கே அக்காகிட்ட கேட்டேன், அண்ணன் கொட்டகையில விட்டுடவான்னு. அக்காதான், அவருக்கு வேலை தலைக்கு மேல கெடக்கு, வெளியிலயே பார்த்துக்குங்க தம்பின்னு சொல்லிட்டாங்க. நான் கேட்டிருக்கக் கூடாது. நேரா வந்து நின்னிருக்கணும்."

கமான்காரர் நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். அந்த மாசம் கொட்டகையில் வேலையே இல்லை. இரண்டு பேரும் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் கண்ணைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. கோபம் இல்லை. அவள் பயந்திருக்கிறாள், அவ்வளவுதான். தங்கை புருஷனின் வண்டி தன் புருஷனின் கைக்குக் கீழே போய்விடக் கூடாது என்று முதல் நாளே பயந்திருக்கிறாள். வேறு வழியில்லாமல் அது வந்து நின்றதும் அம்புக்குறி குத்திக் கொடுத்திருக்கிறாள். சகலை தன்னை அவமானப்படுத்திவிட்டான் என்று அவர் மூன்று வாரம் எரிந்தது வீண். அவரை எடைபோட்டது கூடவே குடித்தனம் செய்பவள். போட்ட எடையும் சரியாக இருந்தது.

கமான்காரர் தொண்டையைச் செருமினார்.

"அவ சரியாத்தான் குத்துனா" என்றார். "குறியில தப்பில்ல. நான்தான் திருப்பிப் போட்டேன்."

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"தெரிஞ்சேதான் போட்டேன்" என்றார்.

சகலை கைதட்டிச் சிரித்தான். "பார்த்தீங்களா அத்தை? பொண்டாட்டியை ஒரு வார்த்தை சொன்னா பொறுக்குதா பாருங்க! பழியைத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கறாரு!"

"இப்படி ஒரு மனுஷன் கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்" என்றார் மாமியார், கண் கலங்கி. மாமனார் பெஞ்சிலிருந்து தலையை ஆட்டினார். தங்கை தன் புருஷனைப் பார்த்து, "நீங்களும் கத்துக்குங்க" என்றாள். மகள் ஓடிவந்து நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்து அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

பத்து வருஷமாக அவர் என்னென்ன ஆசைப்பட்டாரோ அத்தனையும் அந்த நாற்காலியைச் சுற்றி வந்து நின்றது. "இல்ல, நான் நெஜமாத்தான் சொல்றேன்" என்று மறுபடியும் சொல்லிப் பார்த்தார். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே அவருக்கு வியர்த்து ஊற்றியது.

சிரிக்காதவள் ஒருத்திதான். அவள் கூடத்துக்குள் வந்து, சுவரோரம் போய், மின்விசிறியின் வேகத்தை ஒரு புள்ளி கூட்டிவைத்தாள். பிறகு அவருக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள்.